ஒன்பதாம் நம்பரில் நின்ற ஷாக்!

சனிக்கிழமை என்றால் எங்கள் குச்சனூரில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். ஆடிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம். சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்களின் வேன், கார், பைக் என்று சுரபி ஆற்றங்கரை முழுக்க இரும்பாகவே தெரியும். இரும்புக்கு அதிபதி அவர்தானே!

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் என் தங்கை வீட்டு ஜீப்பும் அங்கே நின்றிருந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், முன் கண்ணாடியில் மூன்று விரல் விபூதி.

"என்ன மாப்ள, பூஜையெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. தங்கைதான் சொன்னாள். "வண்டிக்கு நேரம் சரியில்லண்ணே. இவருக்கு ஏழரை நடக்குதாம். கைக்காசு போட்டு நாலு புது ஷாக் மாட்டியும், நேத்து எஸ்டேட் ரோட்டுல வண்டி பின்பக்கம் அப்படியே வழுக்கி ஓடைப் பக்கமாத் திரும்பிருச்சாம்."

நல்லவேளையாக அப்போது வண்டியில் ஆள் இல்லை. காலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறார். லேசான தூறல். வரிவரியாக மேடு பள்ளம் விழுந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் 'டக டக டக' என்று குதித்திருக்கின்றன. அடுத்த நொடி வண்டி குறுக்கே திரும்பி, ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றுவிட்டது.

"ஷாக் எத்தனையில வெச்சிருக்கீங்க மாப்ள?"

"எத்தனையிலன்னா? மாட்டும்போது ஒன்பதுல வெச்சுக் குடுத்தாங்க. மலை வண்டிதானே, கெட்டியா இருக்கட்டும்னாங்க. அதுக்கப்புறம் யாரு அதைத் தொட்டா?"

குனிந்து பார்த்தேன். நாலு ஷாக்கிலும் திருகு ஒன்பதில்தான் நின்றது. சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. இந்த வாரம் அந்தத் திருகைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சுமப்பது யார், அடக்குவது யார்?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஜீப் என்பது பந்தாவுக்கான வண்டி இல்லை. விடிவதற்குள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்! கம்பம்மெட்டு, குமுளி வழியாகப் போகிறவர்களும் உண்டு. தார் ரோடு முடிந்த பிறகுதான் ஜீப்புக்கே உண்மையான வேலை ஆரம்பிக்கும். கல், சேறு, ஓடை, மறுபடியும் கல்.

இந்த வண்டிகளில் எடையைச் சுமப்பது ஷாக் அப்சார்பர் இல்லை. இதைத்தான் பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுமப்பது ஸ்பிரிங். அந்தக் காலத்து வில் வண்டி ஞாபகம் இருக்கிறதா? கட்டை வண்டியில் போனால் முதுகு கழன்றுவிடும், வில் வண்டியில் போனால் மெத்தென்று இருக்கும். அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அழுந்தி நிமிர்வதால் வந்த சுகம் அது. கமாண்டர் மாதிரியான பழைய ஜீப்புகளின் நாலு சக்கரத்திலும் இருப்பது அதே பட்டைதான். 2020-ல் வந்த புதிய தாரில் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. உருவம் வேறு, வேலை ஒன்று.

ஸ்பிரிங்கிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு முறை அழுத்திவிட்டால் சும்மா இருக்காது. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலில் ஆடும் பிள்ளை காலைத் தரையில் தேய்த்து வேகத்தைக் குறைக்கிறதே, அந்தத் தேய்க்கும் கால்தான் ஷாக் அப்சார்பர். குழாய்க்குள் எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னத் துளைகளும் வால்வுகளும். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளை வழியாக முக்கி முனகிப் போக வேண்டும். அப்படிப் போகும்போது ஆட்டத்தின் சக்தியெல்லாம் சூடாக மாறிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

திருகு வைத்த ஷாக்கில் அந்த எண்ணெய் போகும் வழியை நாமே கூட்டிக் குறைக்கலாம். இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் விற்ற ஷாக் அப்சார்பரில் எண்ணெயே கிடையாது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தை அடக்கும். நடு நட்டை இறுக்கினால் உரசல் கூடும், தளர்த்தினால் குறையும். இன்றைக்கு ராஞ்சோ, டஃப் டாக் போன்ற நிறுவனங்களின் ஷாக்குகளில் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட திருகு வருகிறது. ஒன்று மிருதுவானது, ஒன்பது கெட்டியானது. வேறு சில வகைகளில் ஷாக்கைக் கழற்றி, முழுக்க அழுத்திப் பிடித்துத் திருகினால்தான் மாறும். வாங்கும்போதே உங்களுடையது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டி என்றால் பலம் இல்லை

மாப்பிள்ளையின் ஜீப்பில் என்ன நடந்தது? ஆள் இல்லாத ஜீப்பின் பின்பக்கம் எடை குறைவு. ஷாக்கோ ஒன்பதில் இறுகி நிற்கிறது. சக்கரம் ஒரு வரியில் ஏறியது. பள்ளத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் ஷாக் அதை வேகமாக இறங்க விடவில்லை. சக்கரம் அந்தரத்தில் நிற்க, அடுத்த வரி வந்து மோதுகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? அதுதான் அந்த 'டக டக டக'.

அளவுக்கு மீறி இறுக்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அடுத்தடுத்துப் பள்ளம் வந்தால், அழுந்திய ஸ்பிரிங் முழுசாக நிமிர்வதற்குள் மறுபடி அழுந்தும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போகும். கடைசியில் ஸ்பிரிங்குக்கு அசைய இடமே இல்லாமல் இரும்பும் இரும்பும் இடிக்கும். அந்த இடி நேரே போய்ச் சேர்வது பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில்.

அதற்காக ஒன்றிலேயே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஆள் நிறைந்த வண்டி வளைவில் சட்டென்று சாயும். ஒரு மேட்டைத் தாண்டியதும் இரண்டு மூன்று முறை தூளி மாதிரி ஆடும். கொண்டை ஊசியில் அந்த ஆட்டம் வயிற்றைக் கலக்கும். பின்னால் ஒருவர் வாந்தி எடுத்தால் அடுத்தடுத்து எல்லோரும் எடுப்பார்கள் என்பது எங்கள் ஊர் டிரைவர்களுக்குத் தெரியும்.

சரியான நம்பரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பக்கத்து வீட்டு ஜீப்பின் நம்பர் உங்கள் ஜீப்புக்குச் சரிவராது. பட்டைகளின் எண்ணிக்கை, டயர், சுமை எல்லாமே மாறும். ஆனால் கண்டுபிடிக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் டயர் காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று தாறுமாறாக இருக்கும்போது ஷாக்கைத் திருகிப் பயன் இல்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது நாலிலும் அளந்து சரிசெய்துவிடுங்கள்.

இரண்டாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். வலதும் இடதும் வெகுவாக வித்தியாசப்பட்டால் பட்டை தொய்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகுதான் ஷாக்.

மூன்றாவது, ஒரு சோதனைப் பாதை. நாங்கள் வாய்க்கால் கரையை ஒட்டிய மண்பாதையில் அரை கிலோமீட்டர் தூரத்தைத் தேர்ந்தெடுத்தோம். கொஞ்சம் வரிமேடு, ஒரு பள்ளம், ஒரு திருப்பம் இருந்தால் போதும். கூட்டம் இல்லாத பாதையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே வேகம், அதே சுமை.

நான்காவது, மிருதுவான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டியதும் வண்டி ஒரு முறை எழுந்து அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஒரு நம்பர் கூட்டுங்கள். வரிமேட்டில் சக்கரம் துள்ளத் தொடங்கினாலோ, ஸ்டியரிங் கையில் அதிர்ந்தாலோ ஒரு நம்பர் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது.

ஐந்தாவது, ஒரே அச்சில் உள்ள இரண்டு ஷாக்கும் எப்போதும் ஒரே நம்பரில் இருக்க வேண்டும். வலது நாலு, இடது ஆறு என்று வைத்தால் வண்டி ஒரு பக்கமாக நொண்டும். முன்னும் பின்னும் வேறாக இருக்கலாம். அதில் தப்பு இல்லை. நம்பர் போடாத திருகாக இருந்தால், முழுக்க இறுக்கிவிட்டு அங்கிருந்து எத்தனை 'கிளிக்' தளர்த்துகிறோம் என்று எண்ணுங்கள். திருகு நின்ற பிறகும் பலம் கொடுத்துத் திருகாதீர்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு. தேதி, சுமை, காற்று, முன் நம்பர், பின் நம்பர். எல்லாம் சேர்த்து ஒரே வரிதான். இரண்டு வாரத்தில் அந்த நோட்டு எந்த மெக்கானிக்கையும் விட நன்றாகப் பேசும்.

ஆளுக்குத் தகுந்த நம்பர்

மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஆளுக்குச் சராசரியாக 60 கிலோ என்றால், பத்துப் பேருக்கு 600 கிலோ. காலையில் இந்த 600 கிலோவோடு ஏறுகிற வண்டியும், இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற வண்டியும் ஒரே வண்டி இல்லை. அப்படியிருக்க, இரண்டுக்கும் ஒரே நம்பர் எப்படிப் பொருந்தும்?

அன்று மதியமும் மறுநாளும் ஓட்டிப் பார்த்ததில், வெறும் வண்டிக்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று வந்தது. ஆள் ஏறியதும் பின்னால் ஐந்து. தார் ரோட்டில் வளைவு ஏறும்போது அந்த ஐந்து கைகொடுத்தது. கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கல்பாதையில் வேகமே கிடையாது. சக்கரம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும். அந்த மாதிரி இடத்தில் குறைந்த நம்பர்தான் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைக்கும்.

அப்போதுதான் மாப்பிள்ளை மனதில் இருந்ததைக் கேட்டார். "மச்சான், பின்னால ஒன்பதுல வெச்சா இன்னும் நாலு பேரை ஏத்தலாம்னு நெனச்சுத்தான் இதையே வாங்குனேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. டீசல் விலை, பிள்ளைகள் படிப்பு, வண்டிக் கடன் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஷாக் ஒரு கிலோவைக்கூடத் தாங்காது மாப்ள. நாலு பேர் கூட ஏறினா, அந்தப் பாரம் பட்டைக்கும் டயருக்கும் பிரேக்குக்கும்தான் போகும். திருகுல ஒன்பதுன்னு போட்டிருக்குறது எண்ணெய்க்கு. ஆளுக்கு எத்தனைன்னு ஆர்.சி. புக்குல போட்டிருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. திருகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பராமரிப்பு: பத்து நிமிட வேலை

சின்னமனூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஜீப் மெக்கானிக்காகவே தலை நரைத்தவர். "ஷாக் சாகுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் சாகும் தம்பி. நாமதான் கேக்குறதில்ல" என்பார். அவரிடம் கேட்டதையும் என் அனுபவத்தையும் சேர்த்துத் தருகிறேன்.

எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். தண்டில் லேசான ஈரப் படலம் இருந்தால் பயம் இல்லை. குழாயில் எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பி நின்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கரடுமுரடான பாதையில் ஓட்டி வந்ததும், புறங்கையை ஷாக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள், சுடும். நாலும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. நீண்ட நேரம் ஓட்டியதும் வண்டி வழக்கத்தை விட அதிகமாக ஆடினால், உள்ளே எண்ணெய் சூடேறி நுரைத்திருக்கலாம். கால் மணி நேரம் நிறுத்துங்கள். ஆட்களும் இறங்கி ஒரு டீ குடிக்கட்டும்.

சேற்றிலும் ஓடையிலும் ஓட்டிய அன்றே திருகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீசில் அந்த வேகத் தண்ணீரை நேராக சீலில் அடிக்க விடாதீர்கள். மண்ணை அதுவே உள்ளே தள்ளிவிடும். மாதம் ஒரு முறை திருகை ஒன்றிலிருந்து ஒன்பது வரை கொண்டுபோய், மறுபடி பழைய நம்பருக்கே கொண்டுவாருங்கள். திருப்பாமலே விட்டால் துரு பிடித்து இறுகிவிடும். எங்கள் ஜீப்பில் இரண்டு திருகைத் திருப்புவதற்கே அரை மணி நேரம் ஆனது.

இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். வெடித்திருந்தால், 'லொடக் லொடக்' சத்தம் அங்கிருந்துதான். புது புஷ் போட்டால், வண்டியை ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

டயரில் இடைவெளி விட்டுவிட்டுக் குழி மாதிரித் தேய்ந்திருந்தால் ஷாக் மேல் சந்தேகப்படுங்கள். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். உயரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமான ஷாக் போடாதீர்கள். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஸ் நிரப்பிய ஷாக்கைப் பிரிக்கவோ, வெல்டிங் வைக்கவோ, சூடு காட்டவோ வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், வெடித்துச் சிதறும்.

பைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

"எங்க புல்லட்லயும் பின்னால அஞ்சு படி இருக்கே?" என்று கேட்கப்போகிறீர்கள். அந்தப் படி எண்ணெயை மாற்றுவது இல்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை மாற்றுவது. தனியாகப் போனால் கீழ்ப்படி, பின்னால் மனைவியும் பிள்ளையும் ஏறினால் மேல்படி. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஊருக்குப் போய் வந்ததும் பழையபடி இறக்கிவிட மறக்காதீர்கள்.

இறக்கிவிட மறப்பதுதான் நம் எல்லோரிடமும் உள்ள குறை. இறுக்குவதற்கு நினைவு வருகிறது, தளர்த்துவதற்கு வருவதில்லை. கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்காகத்தானே கூடுதல் விலை கொடுத்துத் திருகு வைத்த ஷாக்கை வாங்குகிறோம்?

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில், நானும் அந்த ஜீப்பில் போடிமெட்டு வரை போனேன். பின் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் பெரியம்மா ஒருவர், இடுப்பில் எப்போதும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஏறுவாராம். அன்று துண்டு தோளில் கிடந்தது.

"ஏந்தம்பி, ரோடு போட்டுட்டாங்களா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"இல்ல பெரியம்மா. அதே ரோடுதான்."

வழியில் இரண்டு பெண்கள் கையை நீட்டினார்கள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, "பின்னாடியே எங்க அண்ணன் வண்டி வருது ஆத்தா, அதுல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் ஜீப் கோயிலுக்கு வருகிறது; நாலு எலுமிச்சம்பழமும் உண்டு. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் செருகியிருக்கிறது. சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: 'வெறும் வண்டி. மழை. முன் 3, பின் 2. வழுக்கல.'